வேலையை விடாமல் ஒரு நர்சிங் பட்டம்

"சித்தி, கரஸ்ல பி.எஸ்சி. நர்சிங் பண்ணா செல்லுமா?"

கேட்டவள் என் அக்கா மகள். ஊர் சதுரங்கப்பட்டினம். டிப்ளமோ நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிந்து, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நாலு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து நேரே செங்கல்பட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு துண்டு நோட்டீஸ். ஓராண்டில் பி.எஸ்சி. நர்சிங், வகுப்புக்கே வர வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஜி.எச். எதிரே இருக்கிற டீக்கடையில் ரெண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

நோட்டீஸை மடித்து அவளிடமே கொடுத்தேன். "இது செல்லாது. நீ கேட்டது செல்லும். ரெண்டும் வேற வேற" என்றேன். அந்த வேற்றுமையைச் சொல்லி முடிக்க முதல் டீ போதவில்லை. நர்சிங் பள்ளியில் டியூட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், மாமல்லபுரம் என்று இந்தப் பக்கமெல்லாம் விடிகாலையில் பஸ் ஏறி வேலைக்குப் போகிற பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால் இதே கேள்விதான் வரும். அதனால் அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் என்ற பெயரில் இரண்டு படிப்புகள் இருக்கின்றன. ஒன்று, பிளஸ் டூ முடித்தவுடன் சேர்கிற 4 ஆண்டுப் படிப்பு. இதை பேசிக் பி.எஸ்சி. என்பார்கள். இன்னொன்று, ஏற்கெனவே டிப்ளமோ, அதாவது ஜி.என்.எம். முடித்து, நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் பதிவு செய்துகொண்டவர்களுக்கானது. அதன் பெயர் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. வார்டில் சுருக்கமாக "போஸ்ட் பேசிக்" என்றால் போதும், எல்லாருக்கும் புரியும். கல்லூரிக்குப் போய் முழுநேரமாகப் படித்தால் 2 ஆண்டு. தொலைநிலையில் படித்தால் குறைந்தது 3 ஆண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்ற சலுகை இந்த இரண்டாவது படிப்புக்கு மட்டும்தான். பேசிக் பி.எஸ்சி.யை வீட்டில் இருந்தபடி படிக்க முடியாது. ஜி.என்.எம்.மையும் முடியாது. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

ஏன் இந்தப் பாகுபாடு? கோவளத்தில் சிறு வயதிலிருந்து கடலுக்குப் போகிறவருக்கு ஜி.பி.எஸ். கருவி பார்க்கக் கரையில் உட்காரவைத்தே சொல்லித்தந்துவிடலாம். அலையில் கால் வைக்காத ஆளுக்கு அந்தப் பாடத்தைத் தபாலில் அனுப்பிப் பயனில்லை. நரம்பு தேடி ஐ.வி. போடவும், பிரசவ அறையில் குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் கை எங்கே இருக்க வேண்டும் என்று அறியவும் புத்தகம் உதவாது. அதையெல்லாம் டிப்ளமோவில் கற்று, வார்டில் பழகி வந்தவர்களுக்குத்தான் மேற்கொண்டு உள்ள பாடத்தைத் தூரத்திலிருந்து சொல்லித்தரலாம். அதிலும் பாதிதான். மீதிக்கு நேரில் வந்தே ஆக வேண்டும்.

யு.ஜி.சி. 2020-இல் கொண்டுவந்த திறந்தநிலை, தொலைநிலைக் கல்வி விதிமுறைகளில், இந்த முறையில் நடத்தக்கூடாத படிப்புகள் என்று ஒரு பட்டியல் உண்டு. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பிசியோதெரபி, சட்டம் ஆகியவற்றோடு நர்சிங்கும் அதில் இருக்கிறது. ஆக, ஏதோ ஒரு மாநிலத்தில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம், பெயர் கேட்கப் பெரிதாக இருந்தாலும், தொலைநிலையில் நர்சிங் பட்டம் தருகிறேன் என்றால் நம்பக்கூடாது. பட்டியல் அப்படிச் சொன்னாலும், நடைமுறையில் பணியில் இருக்கும் நர்ஸுக்குத் திறந்திருக்கிற வாசல் ஒன்றே ஒன்றுதான்: இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நாம் சொல்லுகிற இக்னோ. இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏற்போடு நடக்கிற போஸ்ட் பேசிக் அங்கே உண்டு.

"இக்னோவா? அது பி.ஏ., எம்.ஏ. படிக்கிறவங்களுக்கு இல்லையா சித்தி?" என்றாள்.

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அஞ்சல்வழிக் கல்வி என்றால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். 1970-களிலிருந்து அரசு குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் அங்கே பணம் கட்டி, பார்சலில் வரும் பாடங்களைப் படித்துப் பட்டம் வாங்கினார்கள். நர்ஸ்களும் வாங்கினார்கள், வரலாற்றிலும் சமூகவியலிலும் பொது நிர்வாகத்திலும். என்னோடு வேலை பார்த்தவர்களில் எம்.ஏ. முடித்தவர்கள் நிறையப் பேர். அந்தப் படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எம்.எஸ்சி. நர்சிங் விண்ணப்பத்தில் அந்த எம்.ஏ.வை எழுத ஒரு கட்டம்கூட இருக்காது.

இக்னோ 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. 1991-இல் உடல்நல அறிவியலுக்கென்று அங்கே தனிப் பள்ளி தொடங்கினார்கள். 1994-இல் நர்ஸ்களுக்கான போஸ்ட் பேசிக் வந்தது. அதற்கு முன் டிப்ளமோ நர்ஸ் பட்டம் வாங்க வேண்டுமானால் 2 ஆண்டு சம்பளத்தைத் துறந்து, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, கல்லூரி விடுதிக்குப் போக வேண்டும். குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒரே ஆள் அவள் என்றால் அந்தப் பேச்சே எழாது.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் இதன் அருமை தெரியும். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது என்று நாங்கள் மாணவிகளுக்கு வரலாற்றுப் பாடம் நடத்துவோம். பட்டப் படிப்பு வந்ததோ 1946-இல். அந்த ஆண்டு தில்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் தொடங்கினார்கள். நடுவே கடந்தது முக்கால் நூற்றாண்டு. டிப்ளமோ முடித்தவர்கள் 2 ஆண்டில் பட்டம் பெறும் வழி 1963-இல் திருவனந்தபுரத்தில்தான் முதலில் திறந்தது. அதன்பிறகு 31 ஆண்டு கழித்துத் தொலைநிலை. டாக்டருக்குப் பட்டம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நர்ஸுக்குப் பட்டம் எதற்கு என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கேட்கப்படுகிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நடந்தது இன்னும் சுவையான கதை. அங்கேயும் அதே 1994-இல்தான், கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பணியில் உள்ள தாதியருக்கு பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. அந்த நாட்டின் முதல் நர்சிங் பட்டப் படிப்பே அதுதான். நம் ஊரில் கல்லூரி முன்னே வந்து தொலைநிலை பின்னே வந்தது. அங்கே தலைகீழ்: வேலை பார்க்கிற தாதியர் முதலில் பட்டம் பெற்றார்கள், முழுநேரப் பல்கலைக்கழகப் படிப்பு அதற்குப் பிறகு வந்தது. தொலைநிலைப் பட்டத்தை மட்டம் தட்டிப் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது டீ வந்தது. "யாரெல்லாம் சேரலாம், அதைச் சொல்லுங்க" என்றாள்.

பிளஸ் டூ முடித்து ஜி.என்.எம். படித்தவர்கள் என்றால், பதிவுக்குப் பிறகு 2 ஆண்டு பணி அனுபவம் வேண்டும். பத்தாவதோடு ஜி.என்.எம். சேர்ந்த மூத்த தலைமுறை என்றால் 5 ஆண்டு. ஆண் நர்ஸ்கள், டிப்ளமோவில் மிட்வைஃபரி படிக்காதவர்கள் என்றால், அதற்கு ஈடாகக் கவுன்சில் சொல்லியிருக்கிற 6 முதல் 9 மாதப் பயிற்சி ஒன்றின் சான்றிதழ் காட்ட வேண்டும். நுழைவுத் தேர்வு உண்டு, கொள்குறி வினாக்கள். டிப்ளமோவில் படித்த பாடம்தான், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இடம் குறைவு, நாடு முழுக்க எழுதுகிறார்கள். வார்டு வேலையில் உடற்கூறும் நுண்ணுயிரியலும் மறந்து போயிருக்கும். பழைய நோட்டை எடுத்துத் தூசு தட்டத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பட்டம் என்ற வரிசையைப் பார்ப்பார்கள். பத்தாவதோடு வந்தவர்கள் இந்தப் பட்டத்தை அரசில் பதவி உயர்வுக்காகப் படிப்பதானால், சேரும் முன் தங்கள் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

சேர்க்கையில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் காகிதம்தான். அனுபவச் சான்றிதழ் என்று போய்க் கேட்டால் சின்ன நர்சிங் ஹோம்களில் ஒரு வெள்ளைத் தாளில் ரெண்டு வரி எழுதித் தருவார்கள். சேர்ந்த தேதி இருக்காது. சில இடங்களில் வேலைக்குச் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள், கேட்டால் பாண்டு என்பார்கள். விண்ணப்பம் வரும்போது இதற்கெல்லாம் அலைய நேரம் இருக்காது. தலைப்புத்தாளில், சேர்ந்த தேதி, பதவி, கையொப்பம், முத்திரையோடு இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். கவுன்சில் பதிவைப் புதுப்பித்திருக்கிறாளா என்றும் கேட்டேன். டீயை உறிஞ்சியபடி வேறு பக்கம் பார்த்தாள்.

இனி முக்கியமான விஷயம். "தொலைநிலை" என்பதைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. புத்தகங்கள் வீட்டுக்கு வரும், எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொரு பாடத்துக்கும் அசைன்மென்ட் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு 30 சதவீத மதிப்பெண். ஜூனிலும் டிசம்பரிலும் வரும் தேர்வுக்கு 70. இதுவரை மற்ற இக்னோ படிப்பு மாதிரியேதான். அதற்கு மேல் வருவதுதான் நர்சிங். படிப்பு மையம் என்று ஒரு நர்சிங் கல்லூரியை ஒதுக்குவார்கள். அங்கே கருத்துரை வகுப்புகளுக்குப் போக வேண்டும். செய்முறைக்கு அந்தக் கல்லூரி சொல்கிற மருத்துவமனையில், சொல்கிற வார்டில், தொடர்ந்து பல நாட்கள் நிற்க வேண்டும். வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். இது போக, நீங்கள் வேலை பார்க்கிற இடத்திலேயே செய்து, பதிவேட்டில் எழுதி, கையொப்பம் வாங்கிக் காட்ட வேண்டிய பயிற்சிகளும் உண்டு. அதற்கு உங்கள் ஹெட் சிஸ்டரின் ஒத்துழைப்பு வேண்டும்.

ஆகவே இந்தப் படிப்பின் உண்மையான நுழைவுத் தேர்வு இக்னோ நடத்துவது அல்ல. உங்கள் வார்டில் மாதா மாதம் ஒட்டுகிற டூட்டி லிஸ்ட்தான். கேளம்பாக்கத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்துவிட்டு, படிப்பு மையம் சென்னையின் இன்னொரு மூலையில் விழுந்தால், அந்தச் செய்முறை நாட்களுக்கு யார் மாற்று டூட்டி தருவார்கள்? மூன்று வருடமும் தருவார்களா? நடுவில் பிரசவம் வந்தால்? மழைக்காலத்தில் டிசம்பர் தேர்வன்று ஈ.சி.ஆர். பஸ் ஓடவில்லை என்றால்? அறிவில் குறைந்து இந்தப் படிப்பை விட்டவர்களை நான் பார்த்ததில்லை. லீவு கிடைக்காமல் விட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் அவளிடம் சொன்னது: பணம் கட்டும் முன் நர்சிங் சூப்பிரண்டிடம் போய் நில். செய்முறை நாட்களுக்கு மாற்று டூட்டி தருவீர்களா என்று கேள். வாய்ச்சொல்லாக வாங்காதே, கடிதமாக வாங்கு. அரசு நர்ஸ்களுக்கும் இதேதான்: துறையின் அனுமதி முதலில், சேர்க்கை பிறகு.

"அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சா என்ன கிடைக்கும் சித்தி?"

நியாயமான கேள்வி. இதற்கு இனிப்புத் தடவாமல் பதில் சொன்னேன். டிகிரி கையில் வந்த மறுமாதமே சம்பளம் ஏறிவிடாது. நம் மாநிலத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., ஸ்டாஃப் நர்ஸ் எடுக்கும்போது டிப்ளமோ படித்தவரும் விண்ணப்பிக்கலாம், டிகிரி படித்தவரும் விண்ணப்பிக்கலாம். வேலை ஒன்று, ஊதியம் ஒன்று. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்விலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கே பி.எஸ்சி., போஸ்ட் பேசிக் முடித்தவர்கள் அனுபவம் இல்லாமலே எழுதலாம். டிப்ளமோ மட்டும் என்றால் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். ஆனால் தொலைநிலையில் சேரவே 2 ஆண்டு அனுபவம் கேட்கிறார்களே! பெரிய மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் அந்தத் தகுதியை இந்தப் படிப்பில் சேரும் முன்பே பெற்றுவிடுகிறாள். நார்செட்டுக்காக மட்டும் இதைப் படிப்பது வீண். சின்ன நர்சிங் ஹோமில் இருப்பவளுக்கு வேண்டுமானால் உதவும்.

பின் எதற்கு? மேலே போக. எம்.எஸ்சி. நர்சிங் சேர டிப்ளமோ போதாது, பட்டம் வேண்டும். அதுவும் மொத்தத்தில் 55 சதவீதம் இருக்க வேண்டும், ஓராண்டு அனுபவம் வேண்டும். இந்த 55-ஐ நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளச் சொல்வேன். வேலைக்கு நடுவே படிக்கிறவர்கள் பாஸ் ஆனால் போதும் என்று எழுதுகிறார்கள். பட்டம் வந்துவிடும், ஆனால் அடுத்த கதவு சாத்தியே இருக்கும். நர்சிங் பள்ளியிலோ கல்லூரியிலோ டியூட்டராகப் போகவும் பட்டம்தான் முதல் படி. செங்கல்பட்டிலிருந்து மேல்மருவத்தூர் வரை, இந்தப் பக்கம் கேளம்பாக்கம், காட்டாங்குளத்தூர் வரை நர்சிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் நைட் டூட்டி உடம்புக்கு ஒத்துவராமல் போகும்போது, பகலில் வகுப்பெடுக்கும் வேலை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன்.

வெளிநாட்டுக் கனவோடு படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. இங்கிலாந்தின் பதிவு மன்றம் வெளிநாட்டு நர்ஸிடம் ஆங்கிலத் தேர்வும், கணினித் தேர்வும், செய்முறைத் தேர்வும் கேட்கிறதே தவிர, பட்டம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சொந்த நாட்டில் பதிவு பெற்ற டிப்ளமோ நர்ஸும் போகிறாள். வளைகுடாவில் பட்டம் கேட்கும் நாடுகள் உண்டு. அந்தப் பட்டத்தை நேரில் படித்தாயா, தொலைநிலையிலா என்று தோண்டுகிற நாடுகளும் உண்டு. அங்கே மூன்று வருட உழைப்பு ஓர் இணைத்தன்மைச் சான்றிதழில் மாட்டிக்கொள்ளலாம். ஏஜெண்ட் சொல்வதைக் கேட்டுச் சேராமல், போக நினைக்கிற நாட்டின் பதிவு மன்றத்துக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். அந்தப் பதிலை அச்செடுத்து வையுங்கள். வளைகுடாதான் குறி என்றால், என் யோசனை முழுநேர 2 ஆண்டுப் படிப்புதான், கடன் வாங்கியாவது.

காசும் பதவியும் ஒருபுறம் இருக்கட்டும். படித்தால் வேலை மாறுமா? மாறும் என்பேன். டிப்ளமோ நம்மைக் கைதேர்ந்தவளாக ஆக்குகிறது. போஸ்ட் பேசிக்கில் இன்னும் ஆழமாக வருபவை நிர்வாகம், கற்பித்தல், ஆராய்ச்சி முறை, புள்ளியியல், சமூகவியல். ஆராய்ச்சி என்றதும் பெண்கள் மிரளுகிறார்கள். தேவையே இல்லை. ஜி.எஸ்.டி. சாலையிலும் ஈ.சி.ஆரிலும் அடிபட்டு இந்த ஜி.எச்.சுக்கு வருகிறவர்களைத் தினம் பார்க்கிற நர்ஸ், எந்தக் கிழமை, எந்த நேரம் அதிகம் வருகிறார்கள், அந்த நேரத்தில் வார்டில் எத்தனை பேர் டூட்டியில் இருக்கிறார்கள் என்று மூன்று மாதம் எண்ணிப் பட்டியல் போட்டால் அது ஆராய்ச்சி. செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே திருமணி. 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாகத் தொடங்கி, 1955 முதல் மத்திய அரசு ஏற்று நடத்துகிற தொழுநோய் நிறுவனம் அங்கே இருக்கிறது. உணர்ச்சியற்ற காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ள நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது முழுக்க முழுக்க நர்ஸின் வேலை. யாருக்குச் சொன்னது மனதில் நின்றது, யாருக்கு மறுபடி புண் வந்தது, ஏன் என்று கணக்கெடுத்து எழுத ஒரு நர்ஸுக்குத் தெரிந்தால், அடுத்து வருகிற நோயாளியின் விரல் தப்பும்.

இதற்கு வெளிநாட்டில் எண்களே இருக்கின்றன. 2003-இல் லிண்டா எய்கனும் அவர் குழுவும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. 2014-இல் ஐரோப்பாவில் 9 நாடுகளில் இதேபோலப் பார்த்தபோது அது 7 சதவீதம். 2010-இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம், 2020-க்குள் 80 சதவீத நர்ஸ்கள் பட்டதாரிகளாக வேண்டும் என்று இலக்கே வைத்தது. அங்கே பணியில் உள்ள நர்ஸ்களுக்கான இணையவழிப் பட்டங்கள் பெருகியதற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம்.

ஆனால் அந்த 2014 ஆய்வில் இன்னொரு வரியும் உண்டு. ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நம் கவுன்சிலின் அளவுகோல்படி கற்பிக்கும் மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் 5-க்கு ஒருவர். இரவு வார்டில் நிற்கிற எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பாள். பட்டம் பற்றிய வரியை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் மருத்துவமனைகள் இந்த வரியைப் படிக்காதது போல் கடந்துபோகின்றன. முப்பது நோயாளிக்கு ஒருத்தியை நிறுத்திவிட்டு அவள் பட்டதாரியாக இருந்து என்ன ஆகப்போகிறது? படித்தவள் வேண்டும், அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும் வேண்டும்.

இதை எழுதும்போது மருத்துவமனை நிர்வாகிகளும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வார்டில் ஐந்து பேர் போஸ்ட் பேசிக் படிக்க விரும்பினால், ஐந்து பேரையும் ஒரே ஆண்டில் அனுப்ப வேண்டாம். இருவரை அனுப்புங்கள், அவர்களுடைய செய்முறை நாட்களை முன்கூட்டியே டூட்டி லிஸ்டில் குறியுங்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். மூன்று வருடம் கழித்து உங்களுக்கு ஒரு நல்ல வார்டு இன்சார்ஜ் கிடைப்பாள். சான்றிதழைப் பூட்டி வைத்து ஆளை நிறுத்துவதைவிட இது எளிது, கௌரவமானதும்கூட.

டீக்கடைக்காரர் கிளாஸை எடுக்க வந்துவிட்டார். எழும்போது அவள் கேட்டாள்: "நான் சேரட்டுமா, வேணாமா?" எம்.எஸ்சி. போகவோ, சொல்லிக்கொடுக்கவோ, வார்டை நடத்தவோ ஆசை இருந்தால் சேர். சூப்பிரண்டின் கடிதம் கிடைத்தால் இந்த ஆண்டே சேர். சம்பள உயர்வுக்கு மட்டும் என்றால் அந்த மூன்று வருடத்தை எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிப்பதில் செலவிடு. இதுதான் நான் சொன்னது.

வாசகர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். 1947-ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்தில் தேசிய ஆணையம் அமைக்க 2023-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதனால் விதிகள் மாறக்கூடும். போன வருடம் சேர்ந்த தோழி சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், சேர்கிற ஆண்டின் இக்னோ கையேட்டை வரி வரியாகப் படியுங்கள். கட்டணமும் மையங்களின் பட்டியலும் அதில்தான் இருக்கும். படித்து முடித்ததும் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிடாமல், தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதியுங்கள். பதிவேட்டில் ஏறாதவரை உங்கள் பெயருக்கு எதிரே டிப்ளமோ என்றுதான் இருக்கும்.